எந்தப் பத்தும்?

“நான் கத்துனது பத்தும்னு—”

“அதைத்தானே நானும் சொல்றேன், பத்தும்னு கத்துனே, நான் கேனை எடுத்து—”

“முழுசாச் சொல்ல விடுங்க!”

“நாப்பத்தோரு வருஷமா முழுசாத்தானேடி சொல்லிக்கிட்டிருக்கே! பாதியில எப்போ விட்டே?”

“தீ பத்தும்னு கத்துனேன்!”

“தீங்கற எழுத்து என் காதுல விழலையே!”

“விழாது. ஏன்னா நான் அதைச் சொல்லல. எக்ஸாஸ்ட் பைப்புக்கு ஒரு விரக்கடை தள்ளி பெட்ரோல் சொட்டிக்கிட்டிருக்கு. அப்போ போய் எழுவாய் பயனிலை எல்லாம் வச்சு நிதானமா வாக்கியம் பேசுவேனா?”

“பேசியிருந்தா இந்தப் பேச்சு இருந்திருக்காதுல்ல?”

ஒர்க்‌ஷாப்பின் கண்ணாடித் தடுப்பு அறைக்குள் இப்படி இரண்டு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது புதிதில்லை. வெளியே லிஃப்டில் தூக்கி நிறுத்திய காருக்குக் கீழே நின்றிருந்த இரண்டு மெக்கானிக்குகளும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதலாளியம்மாவும் முதலாளியும் ‘பத்தும்’ சண்டையை ஆரம்பித்தால் டீ வர இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த ஒர்க்‌ஷாப்பில் அந்த வார்த்தைக்கே தடை; அதற்குப் போதும் என்றும் அர்த்தம் வரும், தீப்பிடிக்கும் என்றும் வரும். ஆயில் ஊற்றினால் ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். வெல்டிங் பொறி பறந்தால் ‘எரியும்’ என்று சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிற ஆளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது கையுறை எங்கே இருக்கிறது என்பதை, இரண்டாவது இதை.

ஆனால் இன்றைக்கு மேசைமேல் ஒரு காகிதம் கிடந்தது. அதனால் சண்டையில் சிரிப்பு இல்லை.

கார் பந்தய மன்றத்துக்கு ஐம்பது வயதாகிறது. சிறப்பு மலர் போடுகிறார்கள். அதில் அந்தக் காலத்து டிரைவர் ஒருவர் தன் பந்தய நாட்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவருடைய மகள் எழுதியிருந்தாள். அந்த டிரைவருக்கு அன்றைக்கு எல்லாரும் வைத்த பெயர் மாப்பிள்ளை. அவர் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை; பந்தயத்துக்கு வரும்போதே தலையை வாரி, செண்ட் அடித்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி வருவார், அதனால். காலையில் அவர் மகள் ஆள் மூலம் வீட்டுக்கு அனுப்பிய பக்கம்தான் அது. பதினோரு மணிக்கு அவளே நேரில் வந்து வாங்கிக்கொள்வாள். மதியம் அச்சுக்குப் போகிறது.

நடுவில் இப்படி இருந்தது: “பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பெண் மெக்கானிக் பதற்றத்தில் ‘பத்தும், பத்தும்’ என்று கத்திவிட்டார். பாதி டேங்கோடு, பார்க்கப்படாத கசிவோடு வண்டி கிளம்பியது. அனுபவம் போதாத ஒருவரைப் பந்தய நாளில் பக்கத்தில் வைத்துக்கொண்டது எங்கள் குழு செய்த தவறு.”

அதுவரை படித்ததும்தான் பதினேழு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

பதினேழு என்பது அவள்தான். பின்பாக்கெட்டில் எந்நேரமும் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் செருகியிருந்ததால் குழுவில் வைத்த பெயர். இப்போது வயது அறுபத்து மூன்று, ஆறு வண்டி நிறுத்துகிற சொந்த ஒர்க்‌ஷாப். மற்ற ஒர்க்‌ஷாப்காரர்கள் கைவிட்ட கியர்பாக்ஸ் எல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம். அவளுக்கு எதிரே நிற்கிற கணவரை அவள் கோபம் வந்தால் கேன்காரரே என்பாள். ஏன் என்று இன்னும் கொஞ்சத்தில் தெரியும்.

“மாப்பிள்ளை பொண்ணுக்கு போன் பண்ணேன்,” என்றாள். “அவ சொல்லிட்டா. ‘அத்தை, நீங்க மட்டும் சொன்னா அப்பா ஒத்துக்க மாட்டாரு. கேன் பிடிச்சவர் மாமாதானே, அவர் ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா மாத்திடறேன்’னு. எழுதுங்க.”

“என்னன்னு?”

“பதினேழு தீயைச் சொன்னா, நான் போதும்னு எடுத்துக்கிட்டேன், தப்பு என்னுதுன்னு. ஒரு வரி.”

“யாருடி படிக்கப் போறா? அந்த மலரை வாங்குறவன் எல்லாம் மூட்டு வலி விளம்பரம் பார்க்கத்தான் வாங்குவான்.”

“நான் படிப்பேன்.”

“வீட்டுல நான்தான் ஒத்துக்கறேனே, ஏதோ காதுல தப்பா விழுந்துச்சுன்னு.”

“வீட்டுல ஒத்துக்கிட்டு வெளியில ஊமையா இருக்கறதுக்குப் பேரு ஒத்துக்கறது இல்ல. ஒரு புத்தகத்துல நான் வர்றது இதுதான் முதல் தடவை. அதுலயும் பேரு போடல, பெண் மெக்கானிக்னு போட்டிருக்கு. போகட்டும். ஆனா வர்ற அந்த ஒத்த இடத்துல அனுபவம் போதாதவளா வர மாட்டேன். அது மட்டும் நடக்காது.”

கேன்காரர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருக்கு வாதம் தீர்ந்தால் ஜன்னல்.

அனுபவம் போதாதாம். பதினேழுக்கு அதுதான் தைத்தது. இருபத்திரண்டு வயதில் அவளுக்கு என்ன குறைச்சல்? பஸ் டிப்போவில் மூன்று வருடம் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவள். அந்த டிப்போ வாசலில்தான் ஒருநாள் பந்தயக் காரை ஏற்றி வந்த லாரி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. லாரி டிரைவர் ரேடியேட்டர் மூடிமேல் துணியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“கையை எடுங்க. இப்போ திறந்தா முகம் வெந்துடும்.”

“நீ யாரும்மா?”

“முகம் வேகாதவ.”

பதினைந்து நிமிடத்தில் லாரி கிளம்பியது. ஃபேன் பெல்ட்டுக்குப் பதிலாக அவள் எதையோ முறுக்கிக் கட்டியிருந்தாள். என்னவென்று லாரி டிரைவர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார், அவள் சொல்வதாயில்லை. பின்னால் காரில் வந்த குழு முதலாளி இறங்கிப் பார்த்தார். “லாரியைப் பார்த்தவ காரைப் பார்க்க மாட்டாளா?” என்றார். அடுத்த வாரமே அவள் அந்தக் கொட்டகையில் இருந்தாள்.

கொட்டகை என்றுதான் பெயர், ஆனால் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. சுவரில் ஸ்பேனர்கள் பல் வரிசை மாதிரி. தலை என்று அழைக்கப்பட்ட தலைமை மெக்கானிக்குக்கு அவள் வந்தது பிடிக்கவில்லை. முதல் நாள் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கையில் கொடுத்தார்.

“இது என்ன சொல்லுது?”

“மூக்கு வெளுத்துக் கிடக்கு. பெட்ரோல் குறைவாப் போகுது. இப்படியே ஓட்டுனா பிஸ்டன்ல ஓட்டை விழும்.”

“யாரு சொன்னா?”

“நீங்கதானே இது என்ன சொல்லுதுன்னு கேட்டீங்க? அதுதான் சொல்லுச்சு.”

அதற்கப்புறம் தலை அவளிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு வேலை கொடுக்க ஆரம்பித்தார். பயிற்சி ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவில் கியர்பாக்ஸைப் பிரித்துப் பல்சக்கரம் மாற்ற வேண்டும்; மற்றவர்கள் ஐம்பது நிமிடம் எடுக்கிற வேலை, அவளுக்கு முப்பத்தெட்டு. போல்ட் அதிர்வில் கழலாமல் இருக்கக் கம்பி முறுக்கிக் கட்டுவார்கள். அவள் கட்டிய கம்பியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை, “என்னம்மா, சடை பின்னியிருக்கே?” என்றார்.

“சடை அவுந்தா மானம் போகும். இது அவுந்தா உங்க உயிர் போகும். அதான் இறுக்கிப் பின்னியிருக்கேன்.”

தலைமுடியில் பெட்ரோல் வாசம் போகாது. நகக்கண்ணில் கறுப்புப் போகாது. எஞ்சின் முழு வேகத்தில் அலறும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கும். அந்தப் பதினாலு மாதத்தைப் போல வாழ்க்கையில் வேறு எதையும் அவள் பசியோடு செய்ததில்லை. அதை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டதும் இல்லை.

லாரி டிரைவர்தான் கேன்காரர். பந்தய நாளில் லாரிக்கு வேலை இல்லை, அதனால் பெட்ரோல் ஊற்றுவது அவர் பொறுப்பு. பந்தயத்தின் நடுவில் வண்டி உள்ளே வந்தால் முப்பது விநாடிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் கொட்டகையில் தினமும் சாயந்திரம் ஒத்திகை. தலை ஸ்டாப்வாட்சோடு நின்று பாட்டுப் போலச் சொல்லுவார்: “கேன், மூடி, தட்டு, தட்டு!” கேனை எடு, டேங்க் மூடியைத் திருகு, வண்டி முதுகில் கையால் இரண்டு தட்டு. இரண்டாவது தட்டு விழுந்ததும் டிரைவர் கிளம்ப வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது.

அன்றைக்குப் பந்தயத்தில் பதினெட்டுச் சுற்று மிச்சம். மாப்பிள்ளை இரண்டாம் இடம். வண்டி உள்ளே வந்தது. தலையும் இன்னொருவரும் வலது பக்கச் சக்கரத்தில். கேன்காரர் பின்னால் கேனைச் சாய்த்துக்கொண்டு. பதினேழு இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்து, எஞ்சினின் அடிவயிற்றை எட்டிப் பார்த்தாள். அதிர்வில் பெட்ரோல் குழாய் ஒன்று விரிசல் விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த சொட்டு நேராக அவள் கண்ணில் விழுந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள்.

“பத்தும்! பத்தும்!”

ஏதோ ‘டங்’கென்று ஒலித்தது. எஞ்சின் அலறியது. பின்சக்கரம் அவள் சட்டைக்கையை உரசிக்கொண்டு போனது. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது வண்டி இல்லை. கேன்காரர் தள்ளி நின்றிருந்தார், கையில் கேன்.

மூன்றாவது சுற்றில் வளைவுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. மாப்பிள்ளை வண்டியைப் புல்லில் ஓட்டி நிறுத்திக் குதித்துவிட்டார். இடது கை வெந்துபோயிற்று. ஆறு வாரம் கட்டு. வண்டியின் பின்பாதி கரி.

மறுநாள் விசாரணை, கொட்டகை மாடியில். முதலாளி, தலை, கையில் கட்டோடு மாப்பிள்ளை, ஓரமாகக் கேன்காரர்.

“பத்தும்னு சொன்னியா இல்லையா?” என்றார் முதலாளி.

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன?”

“தீ பத்தும்னு சொன்னேன்யா.”

“தீன்னு சொன்னியா?”

“சொல்லல. நேரமில்ல.”

“ஒரு எழுத்தும்மா. ஒத்தை எழுத்து. அதுக்கு நேரமில்லையா?”

“நிறுத்துன்னாவது சொல்லியிருக்கலாமே,” என்றார் தலை, மெதுவாக.

“சொல்லியிருக்கலாம்,” என்றாள். அது நியாயம். அதை அவள் இன்றைக்கும் மறுப்பதில்லை. “வாயில முதல்ல வந்தது அது.”

முதலாளி கேன்காரர் பக்கம் திரும்பினார். “உனக்கு என்னப்பா கேட்டுச்சு?”

கேன்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, “பத்தும்னு கேட்டுச்சுங்க,” என்றார்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அன்றைக்குச் சாயந்திரமே அவள் டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். வேறு எந்தக் குழுவும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அழுதுகொண்டு உட்கார அவளுக்கு வரவில்லை. டிராக்டர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் சேர்ந்தாள். ஒரே மாதத்தில் அங்கே கேன்காரர் ஒரு பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட் ஆகவில்லையாம். பிளக் வயர் பிடுங்கிக் கிடந்தது. அடுத்த வாரமும் வந்தார், அதே வயர். நாலாவது வாரம் அவள் கேட்டாள், “வாராவாரம் நீங்களே பிடுங்கிட்டு இங்க வந்து நிக்கறீங்களே, நேரா வந்து பேசுனா என்ன?”

“பேசுனா அடிப்பியோன்னு.”

“அடிப்பேன். அப்புறம் பேசலாம்.”

கல்யாணத்துக்கு அவள் வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். அக்கா நேராகவே கேட்டாள், “வேலையைப் பறிச்சவனையாடி கட்டிக்கப் போறே?” அதற்கு அவள், “வெளியில விட்டா தப்பிச்சுடுவாரு, வீட்டுல வச்சா வாழ்நாள் முழுக்கக் கேட்கலாம்ல?” என்றாள். சொன்னபடியே கேட்டாள். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேறு வேறு ஊருக்குப் போகிறவரை அந்த வார்த்தை வீட்டில் விளையாட்டாக உருண்டது. சாப்பாட்டு நேரத்தில் கேன்காரர் கையை உயர்த்தி “பத்தும்” என்றால், அவள் குழம்புக் கரண்டியை நீட்டியபடியே “எந்தப் பத்தும்?” என்பாள். பிள்ளைகள் சிரிக்கும்.

இன்றைக்கு மணி பத்தரை.

“பேனா இந்தாங்க,” என்றாள் பதினேழு.

“உனக்குப் பிடிவாதம்.”

“பிடிவாதம் இல்லாதவ கையில நட்டு இறுகாது. சரி, மாப்பிள்ளை வேற என்னென்ன அளந்திருக்காருன்னு மிச்சத்தையும் பார்க்கறேன். எல்லாத்துக்கும் சேர்த்தே பதில் எழுதிடலாம்.”

கண்ணாடியை எடுத்து மாட்டினாள். கேன்காரர் ஜன்னலை விட்டு இரண்டே எட்டில் மேசைக்கு வந்தார்.

“அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லடி. ஆஸ்பத்திரிக் கதை.”

“நீங்க படிச்சிட்டீங்களா?”

“மேலோட்டமா.”

“எப்போ?”

“நீ குளிக்கப் போனப்போ.”

“மலரை யாரு படிப்பான்னு கேட்டீங்க. முதல் ஆளா நீங்களே படிச்சிருக்கீங்க!” என்று சிரித்துக்கொண்டே அவர் கையைத் தட்டிவிட்டு, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தாள்.

“‘முதுகுப்புறம் ஒரு தட்டுத்தான் விழுந்தது. கையால் தட்டியதுபோல இல்லை, தகரம் இடித்ததுபோல இருந்தது. அவசரத்தில் அதையே இரண்டு என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் வளைவில் கண்ணாடியில் பார்த்தால் டேங்க் மூடி திறந்து சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தளும்பி வழிந்தது. நின்றிருக்க வேண்டும். இரண்டாம் இடத்தை விட மனம் வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.’”

படித்தவள் நிறுத்தினாள். மறுபடி ஒருமுறை, இந்த முறை வாய்க்குள், படித்தாள். ஓடாத எஞ்சின் முன்னால் நிற்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆயிற்று. வெளியே இருந்து பார்க்கிற மெக்கானிக்குகளுக்கு அந்த முகம் தெரியும். அப்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது.

“மூடி திறந்திருந்துச்சாம்,” என்றாள்.

“வயசாயிடுச்சு அவருக்கு. ஏதோ ஞாபகத்துல—”

“போதும்னு ஒருத்தன் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?”

“என்னடி கேள்வி?”

“கேன், மூடி, தட்டு, தட்டு. தூக்கத்துல எழுப்பி போதும்னு சொன்னாக்கூட மூடியைத் திருகிட்டுத்தான் கண்ணைத் திறப்பீங்க. வீட்டுல எண்ணெய் பாட்டிலை மூடிட்டு அதுக்கும் ரெண்டு தட்டுத் தட்டுற ஆளு நீங்க. அன்னைக்கு மூடியும் திருகல, கையால தட்டவும் இல்ல. தகரம் இடிச்சிருக்கு. தகரம்னா கேன்.” அவள் குரல் உயரவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைப்பது போலப் பேசினாள். “அப்போ உங்க காதுல விழுந்தது போதும் இல்ல.”

கேன்காரர் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷமா எல்லாத்தையும் மூடினீங்க. மூட வேண்டிய அந்த ஒரு மூடியை மட்டும் மூடல.”

“சரியாத்தான் விழுந்துச்சு,” என்றார்.

“எது?”

“நீ சொன்னது. தீ பத்தும்னுதான் விழுந்துச்சு. நீ தீன்னு சொல்லவே இல்லைங்கறே. எனக்கு அதுவும் சேர்ந்தே கேட்டுச்சு.”

வெளியே யாரோ ஏர் கன்னை அழுத்தினார்கள். அது நின்றபிறகு அவர் தொடர்ந்தார்.

“எங்கிட்ட இருபது லிட்டர் கேன். பாதி உள்ள. நீ கத்துன உடனே எனக்கு உயிர்ப் பயம் வந்துடுச்சு. மூடி, தட்டு ஒண்ணும் ஞாபகமில்ல. கேனோட திரும்பி ஓடுனேன். திரும்பறப்போ கேன் வண்டியில இடிச்சுச்சு. அந்தச் சத்தத்துல அவர் வண்டியை எடுத்துட்டாரு. மூடி திறந்து கிடந்ததாலதான் அவர் கை அவ்வளவு வெந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பின்பாதி எரிஞ்சு போனதால யாரும் மூடியைத் தேடல.”

“மாடியில ஏன் சொல்லல?”

“காது மந்தம்னா சிரிப்பாங்க. பயந்து ஓடுனவன்னா துப்புவாங்க. முதலாளி என்ன கேட்டுச்சுன்னுதான் கேட்டாரு. என்ன பண்ணேன்னு கேட்கல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

பதினேழு நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருப்பதைப் பற்றி இத்தனை வருடம் வாய் வலிக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். அவள் கேட்கக் கேட்க அவருக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! காது கேட்காதவன் வேஷத்தைத் தினமும் அவள்தானே துவைத்து மடித்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கேளுங்க,” என்றாள். “அந்தப் பொண்ணு வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. இதை ரெண்டு விதமா எழுதலாம். தப்பாக் காதுல விழுந்துச்சுன்னு எழுதுனாலும் என் மேல இருக்கற கறை போயிடும். உள்ளதை எழுதுனாலும் போயிடும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எதை எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு எழுதியாகணும்.”

“நீ சொல்லேன்டி.”

“நான் ஒரு தடவை சொன்னேன். அதுக்கே நாப்பத்தோரு வருஷம் ஆச்சு.”

மாப்பிள்ளையின் மகள் பதினோரு மணிக்குச் சரியாக வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஹெல்மெட். டீ வந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, “அத்தை, திருத்தம் எழுதியாச்சா? மாமா கையெழுத்துப் போட்டுட்டாரா?” என்றாள்.

காகிதத்தின் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. பதினேழு தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்றேன், நீ எழுதிக்கோம்மா,” என்றார் கேன்காரர். “என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

“சொல்லுங்க மாமா.”

“கசிவை முதல்ல பார்த்தது எங்க மெக்கானிக். எங்க குழுவுல அவங்களை மாதிரி கை யாருக்கும் கிடையாது, தலைக்குக்கூட. எழுதிட்டியா? தீப்பிடிக்கும்னு அவங்க சொன்னது எனக்குச் சரியாவே கேட்டுச்சு.”

பேனா நின்றது. “மாமா, அப்பா சொன்னது வேற மாதிரி...”

“அப்பாவுக்குத் தெரியாது. எழுது. நான் பயந்துபோய், மூடியை மூடாம, கேனைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். கேன் இடிச்ச சத்தத்தைக் கிளம்பச் சொல்ற தட்டுன்னு உங்கப்பா நினைச்சுட்டாரு. அவர் கை வெந்ததுக்கு நான்தான் காரணம். கேன் பிடிச்சவன்னு கீழ போடு. குடு, கையெழுத்துப் போடறேன்.”

அவள் அவரையும் பதினேழையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். மேலே, டைப் செய்திருந்த ‘அனுபவம் போதாத’ என்ற வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். கோடு கோணலாகப் போனது. “இரும்மா,” என்று பதினேழு மேசை இழுப்பறையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்துக் கொடுத்தாள். “அடிக்கறதை நேரா அடி.”

மறுபடி நேராக அடித்தாள்.

“அப்பாகிட்ட நானே வந்து சொல்றேன்,” என்றார் கேன்காரர், கையெழுத்துப் போட்டுவிட்டு. “அச்சுல பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டாம். சாயந்திரம் இருப்பாரா?”

“இருப்பாரு மாமா. அவர் எங்க போகப் போறாரு?” காகிதத்தைப் பைக்குள் வைத்தவள், வாசலில் நின்று, “அத்தை, உங்க பேரு போடட்டுமா? பெண் மெக்கானிக்னு இருக்கே,” என்றாள்.

“பதினேழுன்னு போடு. அந்தக் கொட்டகையில இருந்தவங்களுக்கு அதுதான் தெரியும்.”

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியது. பதினேழுக்கு உடம்பு லேசாக இருந்தது. அச்சில் ஏறப்போகிறது. எங்க குழுவுல அவங்களை மாதிரி கை யாருக்கும் கிடையாது. அதை அவள் சொல்லித் தரவில்லை, அவராகச் சொன்னார். எழுந்து, ஆணியில் தொங்கிய மேலங்கியை மாட்டிக்கொண்டாள். வெளியே ஒரு கியர்பாக்ஸ் பிரித்துப்போட்டபடி காத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கியரில் முனகுகிறது என்று இரண்டு ஒர்க்‌ஷாப் சுற்றி வந்தது. என்ன கோளாறு என்று அவளுக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது.

கேன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி முகத்தில் ஒரு தெளிவு.

“என்ன, திருப்திதானே?” என்றார்.

“ரொம்பத் திருப்தி. நல்லா சொன்னீங்க. இவ்வளவு சொல்லுவீங்கன்னு நான் நினைக்கல.”

“பின்னே?”

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவள் அப்படியே நின்றாள். இரண்டு மெக்கானிக்குகளும் லிஃப்டுக்குக் கீழிருந்து அவளைப் பார்த்தார்கள். கதவை மறுபடி சாத்திவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள். கோபமாக இல்லை, ஒரு வண்டிக்காரரிடம் சத்தம் எந்த வேகத்தில் வருகிறது என்று விசாரிக்கிற குரல்தான்.

“நீங்க திரும்பி ஓடுனப்போ, நான் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துக் கிடக்கேன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?”